ஐந்தாவது துளை

எங்கள் ஆபீஸ் மேஜை மீது அந்த ஆஸ்பத்திரி ஃபைல் வந்து விழுந்த வேகத்தில், நான் வாயில் போடவிருந்த அசிடிட்டி மாத்திரை உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"என் வயித்துக்குள்ள என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள" என்றார் வந்தவர்.

அப்போது மணி பதினொன்று. வந்தவர் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருப்பது உட்காரும்போதே தெரிந்தது. அவருடைய மனைவி பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே தெரிந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் என் அண்ணி. பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். உண்மைக் கேஸையும் பொய் என்று எழுதித் தரச் சொன்னபோது மேலதிகாரியின் முகத்துக்கு நேராக ராஜினாமாவை நீட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தாள். நான் அவளுடைய கொழுந்தன். டிரைவர், குமாஸ்தா, டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நானே. இரண்டு பேரையும் கட்டி மேய்க்கிற பாவம் என் அண்ணனுடையது.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

சொன்னார். எட்டு வருஷமாக எதுக்களிப்பு. அவருடைய தொழிலோ மண்டியிட்டுத் தரையை முகர்ந்துகொண்டே செய்கிற தொழில். குனிந்தால் வயிற்றிலிருக்கும் புளிப்பெல்லாம் தொண்டைக்கு ஏறி நெஞ்சு தீயாக எரியும். மாத்திரைகள் கைவிட்ட பிறகு, கீஹோல் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்களாம். வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையின் மேல் பக்கத்தை இழுத்து, உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் சுற்றுகிற மாதிரி சுற்றித் தைத்துவிடுவார்கள். அப்புறம் புளிப்பு மேலே ஏற வழியில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் செய்துகொண்டார்.

"பத்தே நாள். பழையபடி ஏறிடுச்சு மேடம். போய்ச் சொன்னேன், ஆறப் பொறுங்கன்னாரு டாக்டர். மறுபடி போனேன், கண்டதைத் திங்காதீங்கன்னாரு. மூணாவது தடவை அழுதுட்டேன். 'வயித்துல ஒண்ணும் இல்ல, எரியறதெல்லாம் உங்க மனசுலதான்'னு சொல்லிட்டாரு."

"நல்ல டாக்டர். மனசுக்கும் அதே துளை வழியா போயிருப்பார் போல" என்றேன். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்ப அஞ்சு மணிக்கு என்ன?"

அவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டாவது ஆபரேஷன் இலவசமாகச் செய்து தருகிறார்களாம். ஆனால் முதலில் அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆபரேஷன் முறைப்படி நடந்தது. பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் நோயாளியின் உணவுப் பழக்கமும் மனநிலையும்தான் என்று அதில் எழுதியிருந்தது. படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது.

"போடலன்னா ஆபரேஷன் இல்ல. போட்டா நான் பொய்யன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்றார்.

"போட்டுட்டு வாங்கன்னுதான் நானும் சொல்றேன்" என்று மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஆபரேஷன் வீடியோவே குடுத்திருக்காங்க. சுத்தித் தச்சது கண்ணுக்குத் தெரியுது. அப்புறமும் எரியுதுன்னா எப்படி? நாலு மாசமா வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு. நடிப்பு. டாக்டரே என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு."

டைல்ஸ்காரர் தலையைக் குனிந்தார். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அதைப் பார்த்த பிறகும் அந்தப் பெண் கடிகாரத்துக்கே திரும்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் முதலில் வெளியே அனுப்ப வேண்டும் போலிருந்தது.

"வீடியோவைப் போடு" என்றாள் அண்ணி.

பென் டிரைவைச் செருகினேன். ஆபரேஷனை நேரில் பார்த்தால் நான் மயங்கி விழுகிற ஆள். திரையில்தானே என்று நாற்காலியின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குகை. நீள நீளமான கருவிகள் நாலு மூலையிலிருந்தும் எட்டிப் பார்த்து வேலை செய்தன.

"எத்தனை துளைன்னு எண்ணு" என்றாள் அண்ணி, டைல்ஸ்காரரைக் காட்டி.

அவர் கூச்சத்தோடு சட்டையைத் தூக்கினார். தொப்புள் பக்கம் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கத்தில் இரண்டு.

"நாலு."

"திரையில எத்தனை கருவி?"

இரண்டு கருவி தைத்துக்கொண்டிருந்தன. ஒன்று இரைப்பையை இழுத்துப் பிடித்திருந்தது. இன்னொன்று கல்லீரலைத் தூக்கிப் பிடித்திருந்தது. "நாலு. நாலுக்கு நாலு. கச்சிதம் அண்ணி. டாக்டர் மேல குறை சொல்ல முடியாது."

"சரி. படம் யார் எடுக்குறா?"

"யாரு எடுப்பாங்க, கேமராதான்."

"அது எந்த வழியா உள்ள போச்சு?"

கேமரா தன்னைத்தானே படம் எடுக்காது. திரையில் தெரிகிற நாலு கருவிக்கும் நாலு துளை வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற கேமராவுக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டும். டைல்ஸ்காரரின் வயிற்றை இன்னொரு தடவை எண்ணினேன். அழுத்தி எண்ணினாலும் நாலுதான்.

"ஒரே துளையில ரெண்டு..." என்று இழுத்தேன்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கத்துல இருந்து வருது, பாரு. இது இவர் வயிறே இல்ல."

மனைவியின் கண் கடிகாரத்தை விட்டு அப்போதுதான் திரும்பியது. டைல்ஸ்காரர் தன் வயிற்றுத் தழும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஃப்ராடுப் பசங்க! சும்மா நாலு துளை போட்டு, நாலு தையல் போட்டு, அடுத்தவன் வீடியோவைக் கையில குடுத்து அனுப்பியிருக்கானுங்க" என்று நான் கத்தினேன்.

"வாயாடி, கொஞ்சம் யோசிச்சுட்டுக் கத்து" என்றாள் அண்ணி. கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும். இப்போது காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. "ஏமாத்துறவன் ஏன் நாலோட நிறுத்தணும்? அஞ்சாவதையும் போட்டுட்டா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காதே. நாலு போட்டவன் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் நாலு போட்டிருக்கான். வீடியோவுல இருக்கிற வயித்துக்குச் சொந்தக்காரர் கிடைச்சா மீதி தெரியும்." அவள் டைல்ஸ்காரரிடம் திரும்பினாள். "அன்னிக்கு வேற யாருக்கு ஆபரேஷன் நடந்துச்சு?"

"பக்கத்துக் கட்டில்காரருக்கு. என்ன ஆபரேஷன்னு தெரியாது. பேரும் கேட்டுக்கல. ரொம்ப நல்ல மனுஷன். ஏப்பம் விட்டார்னா ஜன்னல் கண்ணாடி அதிரும். வார்டே சிரிக்கும்."

"என்ன தொழில்னு சொன்னாரா?"

"இல்லையே. தூக்கத்துல மட்டும் வலது காலால கட்டில் கம்பியை ஓங்கி மிதிப்பார். பொறுக்க முடியாம நான்தான் தலையணையை வச்சேன்."

"டிரைவர்" என்றேன் நான்.

"மிதிக்கும்போது கை என்ன பண்ணும்?" என்று கேட்டாள் அண்ணி.

அவர் யோசித்தார். "கட்டிக்கிட்டிருப்பார். மார்ல."

"டிரைவருக்குத் தூக்கத்துலகூட கை ஸ்டியரிங்கைத் தேடும். கையைக் கட்டிக்கிட்டு பிரேக்கை மட்டும் மிதிக்கிற ஆள் ஒருத்தர்தான் உண்டு. வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிற மாஸ்டர். போனை எடு."

மூன்று டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்தேன். நாலு மாசத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்ட மாஸ்டர் மூன்றாவதில் இருந்தார். புருஷனையும் மனைவியையும் ஆஸ்பத்திரி வாசலில் நாலரைக்கு வந்து நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு ஷட்டர் அறை. சுவர் முழுக்க சாலை விதிப் படங்கள். மரக்கட்டையில் அறைந்த பழைய ஸ்டியரிங் ஒன்று. மாஸ்டர் பெரிய உருவம். ஆனால் ஒரு கையை வலது விலாவுக்கு அடியில் முட்டுக்கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் வந்த களைப்புக்கு எதிர்க்கடையில் நான் ஒரு சோடா வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். குடித்த சோடா தன் வேலையைக் காட்டியது. மாஸ்டரின் முகத்துக்கு நேராகவே காட்டியது.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"மன்னிப்பு எதுக்கு தம்பி?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "இன்னொண்ணு விடுங்க. கேட்டுக்கவாவது செய்யுறேன்."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்கு வரலையா?"

"நாலு மாசமாச்சும்மா. எவ்வளவு முக்கினாலும் மேல வர மாட்டேங்குது. வயிறு பானையா உப்புது. சோறு தொண்டையைத் தாண்டி நின்னு நின்னு இறங்குது. முன்னாடியெல்லாம் நான் ஏப்பம் விட்டா கத்துக்க வந்த பொண்ணுங்க தானா பிரேக் போடும். இப்ப என்னைப் பார்த்தா அதுங்களுக்கு பயமே இல்ல."

"என்ன ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?"

"பித்தப்பையில கல்லு. பையோட எடுத்துட்டோம்னாங்க. கல்லைக் காட்டுங்கய்யான்னேன். என் மச்சானுக்கு ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்களே, அந்த மாதிரி. கரைஞ்சு போச்சுன்னாங்க. தானா கரையுற கல்லுக்கு என்னை எதுக்குய்யா வெட்டினீங்கன்னு கேட்டேன், நர்ஸ் சிரிச்சிட்டுப் போயிடுச்சு. வலி மட்டும் போகல. எண்ணெய்ப் பலகாரம் தின்னா அதே இடம், அதே வலி. வாயுத் தொல்லைன்னு மாத்திரை குடுக்குறாங்க."

"துளை எத்தனை?"

சட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இடது விலாவுக்குக் கீழே ஒன்று அதிகமாக இருந்தது.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசாரணைக்குப் போன இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "உங்க பக்கத்துல ஒரு டைல்ஸ்காரர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? பாவம், அவரால மல்லாக்கப் படுக்க முடியாது. தலைப்பக்கத்தைத் தூக்கிவச்சாத்தான் தூக்கம். அவரு கட்டில்ல தலையைத் தூக்குற கைப்பிடி உடைஞ்சு கிடந்துச்சு. தூக்கினா அஞ்சே நிமிஷத்துல சரிஞ்சுடும். என் கட்டில்ல நல்லா இருந்துச்சு. எனக்கு எதுக்கு அது? 'நீங்க இதுல படுங்க'ன்னு ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாத்திக்கிட்டோம்."

"கட்டில் கால்மாட்டுல என்ன ஆபரேஷன்னு எழுதி ஒரு பலகை தொங்குமே? அதையும் மாத்தினீங்களா?"

"சேச்சே. அது ஆஸ்பத்திரிச் சாமான். நாம தொடலாமா?"

எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. காலையில் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்திருக்கிறார்கள், படுத்திருந்த முகத்தைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பரில் படுத்திருந்த மாஸ்டருக்கு எதுக்களிப்பு ஆபரேஷன், எட்டாம் நம்பரில் படுத்திருந்த டைல்ஸ்காரருக்குப் பித்தப்பை. அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாஸ்டரின் ஏப்பம் அந்த மஃப்ளருக்குள் மாட்டிக்கொண்டது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு இரக்கப்பட்டதை இரண்டு பேர் வயிற்றையும் வெட்டுகிற காரியமாக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த சோடா பாட்டிலை உடைத்திருப்பேன். அது அந்தக் கடைக்காரருடையது என்பதால் விட்டேன்.

அண்ணி எல்லாவற்றையும் மாஸ்டருக்கு விளக்கிச் சொன்னாள்.

"அப்ப என் கல்லு?"

"உள்ளயேதான் இருக்கு."

"அவரோட பித்தப்பை?"

"போயிடுச்சு. நல்லா இருந்த பை."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. "கிளம்புங்க. வண்டியை நான் ஓட்டுறேன்" என்று எழுந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரின் அறைக்குள் இருந்தோம். மாஸ்டரை மட்டும் யார் கண்ணிலும் படாமல் பின்னால் வரச் சொல்லி, வெளியே உட்கார வைத்திருந்தாள் அண்ணி. பிளாஸ்டிக் இரைப்பை பொம்மை ஒன்று மேஜையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தாளும், மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன.

டாக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். "இவங்க உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"அக்கா மாதிரி" என்றார் டைல்ஸ்காரர்.

"இவர் வயித்துல நாலு துளைதான் இருக்கு டாக்டர். வீடியோவுல அஞ்சு" என்றாள் அண்ணி.

"சில பேருக்கு நாலே போதும்மா. வீடியோ மாறியிருக்கலாம். ஆபீஸ்ல நடக்கிற தப்பு. மாத்தித் தரச் சொல்றேன்."

"கட்டாயம் மாத்தணும். இவருக்கு நடந்த ஆபரேஷனோட வீடியோவைக் குடுங்க. அதுல பித்தப்பையை வெட்டி எடுத்திருப்பீங்களே, அந்த இடத்தைப் பார்க்கணும்."

டாக்டரின் கை, பொம்மை இரைப்பையின் மேல் வைத்தபடி நின்றது. அண்ணி கதவைத் திறந்தாள். மாஸ்டர் உள்ளே வந்தார். டைல்ஸ்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கையைப் பிடித்தார். மாஸ்டர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பக்கத்துத் தெருவுல ஸ்கேன் சென்டர் இருக்கு டாக்டர். பத்து நிமிஷத்துல யார் வயித்துல எது இருக்கு, எது இல்லன்னு சொல்லிடுவாங்க. அவங்க சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள் அண்ணி.

டாக்டர் பொம்மை மேலிருந்து கையை எடுத்தார். "பித்தப்பையை வெட்டி எடுத்துத் திறந்து பார்த்தப்பதான் ஆள் மாறிப்போனது தெரிஞ்சுது. உள்ள ஒரு கல்லுகூட இல்ல. அதுக்குள்ள பக்கத்துக் கட்டில்காரருக்கு எதுக்களிப்பு ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு. வெளிய தெரிஞ்சா இந்த ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிடுவாங்க. அதான்... இவருக்கு எப்படியாவது சரிபண்ணிக் குடுத்துடணும்னுதான் இலவசமா..."

"ரெண்டாவது ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க. இவரோட எதுக்களிப்புக்கு இதுதான் முதல் ஆபரேஷன். மாஸ்டருக்கு என்ன பண்றதா இருந்தீங்க? கல்லு மறுபடியும் வந்திருச்சுன்னு சொல்றதாவா?"

நான் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. மாஸ்டருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

டைல்ஸ்காரர் டாக்டரிடம் கேட்டார்: "மூணாவது தடவை வந்தப்ப இதே நாற்காலியில உக்காந்து அழுதேனே டாக்டர். அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மனைவி எழுந்தாள். அவள் டாக்டரை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தடுக்கிற எண்ணமும் எனக்கு இல்லை. அவள் அடிக்கவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"என்னைத் தனியாக் கூப்பிட்டீங்களே. 'இரக்கம் காட்டாதீங்க, காட்டினா ஜாஸ்தியா நடிப்பார், கண்டிப்பா இருங்க'ன்னு சொன்னீங்களே. இருந்தேன் டாக்டர். ராத்திரி எழுந்து சுவர்ல சாஞ்சு உக்காந்து நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாரு. தண்ணி கேப்பாரு. நான் திரும்பிப் படுத்துப்பேன். புள்ளைங்க முன்னாடி நடிகன்னு சொன்னேன். எங்கம்மா வீட்டுல சொன்னேன். அவரு ஒரு வார்த்தை திருப்பிப் பேசல." அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். "நல்லா இருந்த பையை எடுத்தீங்க, போகட்டும். என்னையும் கருவியா வச்சு இந்த மனுஷனை அறுத்தீங்களே!"

"வா, போலாம்" என்றார் டைல்ஸ்காரர் மெல்ல. "அண்ணனை முதல்ல வேற ஆஸ்பத்திரியில காட்டணும்."

"போலாம். இவர் எழுதட்டும்."

அவள் அந்தத் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தாள். பேனாவை டாக்டர் பக்கம் தள்ளினாள். டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்து, தேதி, கட்டில் நம்பர் என்று தொடங்கினார். மனைவி மேஜையைத் தட்டினாள்.

"அதெல்லாம் அப்புறம். முதல் வரியா இதை எழுதுங்க. 'இவர் பொய் சொல்லவில்லை.'"

அவர் எழுதினார். அவள் தாளை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் படித்தாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள். அவர் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய கையைத்தான் பிடித்துக்கொண்டார். கடைசியில் தாளை வாங்கி, மீதியையும் எழுதச் சொல்லி டாக்டர் முன்னால் வைத்தது அண்ணிதான்.